கிரயமா, குத்தகையா?

சென்ற மாதம் உயில் எழுதுவதற்காக என் உடைமைகளைப் பட்டியலிட்டேன். திருத்தணியில் ஒரு வீடு, அஞ்சலகச் சேமிப்பு, ஏறத்தாழ 2,000 புத்தகங்கள் ஆகியவற்றுக்குப் பிறகு, கடைசி வரியில் '83 கணினி விளையாட்டுகள்' என்று எழுதினேன். பட்டியலைப் படித்த வழக்கறிஞர் ஒருகாலத்தில் என்னிடம் பொருளாதாரம் பயின்றவர். அந்த வரியில் விரலை வைத்து, "சார், இவை உங்களுக்குக் கிரயமா, குத்தகையா?" என்று கேட்டார்.

வேடிக்கையாகக் கேட்ட கேள்விதான். ஆனால், அதற்கு விடை தேடியபோது, 35 ஆண்டுகள் சொத்துரிமையையும் சந்தையையும் பற்றிப் பாடம் நடத்திய நான், நான் வாங்கிய பொருளின் ஒப்பந்தத்தை ஒருமுறைகூட முழுமையாகப் படிக்கவில்லை என்பது தெரிந்தது. படித்தேன். அவை கிரயம் அல்ல. என் ஆயுள்வரை நீடிக்கும் என்ற உறுதிகூட இல்லாத அனுபவ உரிமை மட்டுமே.

எங்கள் வீட்டின் மூலப்பத்திரம் தெலுங்கில் எழுதப்பட்டது. அது பதிவானபோது திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சிவஞானம் போன்றோர் முன்னெடுத்த எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1959-ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று இவ்வூர் தமிழகத்துடன் இணைந்தது. மாநிலம் மாறியது, ஆட்சிமொழி மாறியது, பதிவு அலுவலகத்தின் முத்திரை மாறியது. ஆனால், வீடு எங்களுடையதாகவே இருந்தது. தெலுங்கில் இருந்த அந்தப் பத்திரம் இன்றும் செல்லுபடியாகிறது. ஓர் அரசு எல்லையைத் திருத்தியபோதும் அசையாத உரிமையின் அருமை, ஒரு நிறுவனம் தன் கணினியை அணைத்தால் மறைந்துவிடும் உரிமையைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சூதாட்டம் வேறு, விளையாட்டு வேறு

கணினி விளையாட்டு என்றதும் வாசகர்களில் பலருக்கு இணையவழி ரம்மி நினைவுக்கு வரக்கூடும். அதனால் நேர்ந்த கடன்களையும் தற்கொலைகளையும் தமிழகம் மறக்கவில்லை. நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 2022-இல் தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. ஆளுநரின் ஒப்புதல் 2023 ஏப்ரலில்தான் கிடைத்தது. அதற்கு முன்பு 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் முந்தைய தடைச் சட்டத்தை ரத்து செய்திருந்தது. ஆந்திரமோ 2020-லேயே தடை விதித்துவிட்டது. ஆகவே, எங்கள் ஊருக்கு அடுத்துள்ள நகரியில் சட்டம் தடுத்த ஒன்று, திருத்தணியில் தடையின்றி நடந்த காலம் ஒன்று இருந்தது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. அவற்றை நடத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வகை செய்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. அவற்றின் முடிவு எதுவாயினும், அச்சட்டம் ஒரு நல்ல வேலையைச் செய்திருக்கிறது. பணப் பந்தயம், மின்விளையாட்டுப் போட்டி, பொழுதுபோக்கு விளையாட்டு என மூன்றையும் அது தனித்தனியே பிரித்துவிட்டது. நான் இங்கு பேசுவது மூன்றாவதைப் பற்றி; அதாவது, ஒரு நாவலையோ திரைப்பட வட்டையோ வாங்குவதுபோல் விலை கொடுத்து வாங்கி விளையாடும் படைப்புகளைப் பற்றி. சட்டத்தின் பெயரில் 'ஊக்குவிப்பு' என்ற சொல் முதலில் வருகிறது. ஆனால், அவற்றை வாங்குவோரின் உரிமை பற்றி நம் நாட்டில் இன்னும் பேச்சே எழவில்லை.

ஒரு வட்டும் ஒரு கணக்கும்

என் பொழுதுபோக்கு 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. கல்லூரிக் கணினியில் ஒரு மாணவர் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற விளையாட்டைக் காட்டினார். மரம் வெட்டவும், தங்கம் தோண்டவும், உணவு சேர்க்கவும் குறைந்த எண்ணிக்கையிலான ஆட்களைப் பகிர்ந்து அனுப்ப வேண்டும். ஒருவரைத் தங்கத்துக்கு அனுப்பினால் உணவு குறையும். வாய்ப்புச் செலவு என்ற கருத்தை என் கரும்பலகையைவிட அது தெளிவாக விளக்கியது. அன்று நடைபாதைக் கடைகளில் கள்ளப் பிரதிகள் ஐம்பது ரூபாய்க்கும் குறைவாகக் கிடைத்தன. பேராசிரியருக்கு அது அழகல்ல என்று, அட்டைப்பெட்டியுடன் கூடிய அசல் வட்டை அதைப்போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். அந்த வட்டு இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. பரண்மேல் இருக்கும் பழைய கணினியில் இப்போதும் ஓடுகிறது.

கள்ளப் பிரதிகளின் காலத்தைப் பெருமளவுக்கு முடித்துவைத்தது காவல்துறை அல்ல, சந்தைதான். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003-இல் 'ஸ்டீம்' என்ற தளத்தைத் தொடங்கியது. கடைக்குப் போகாமல், வட்டு இல்லாமல், கணினியிலேயே விளையாட்டை வாங்கித் தரவிறக்கலாம். திருட்டுப் பிரதி என்பது பெரும்பாலும் விலைச் சிக்கலல்ல, சேவைச் சிக்கல் என்பது அதன் நிறுவனர் கேப் நியூவெலின் வாதம். 2015-இல் அத்தளம் விலைகளை ரூபாயில் அறிவிக்கத் தொடங்கியது. பல விளையாட்டுகளுக்கு அமெரிக்க விலையைவிட இந்திய விலை குறைவு. வாங்கும் திறனுக்கேற்ப விலையைப் பிரித்து வைப்பது என்று பாடநூல் சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் கேட்காமல் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். 2025 மார்ச்சில் ஒரே நேரத்தில் 4 கோடிப் பேர் அத்தளத்தில் இருந்தனர். இது ஏமாற்றி வளர்ந்த வளர்ச்சி அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிறு படைப்பாளர்களுக்கு இத்தளங்கள் திறந்த கதவும் உண்மையானது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஒரு கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய சிலர் ஏழு ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய 'ஹாலோ நைட்: சில்க்சாங்' 2025 செப்டம்பர் 4 அன்று 20 டாலர் விலையில் வெளியானது. வாங்க வந்தவர்களின் நெரிசலில் பெரிய விற்பனைத் தளங்களே சற்று நேரம் முடங்கின. பிரான்சின் மோன்பெலியே நகரில் சிறிய குழு ஒன்று உருவாக்கிய 'க்ளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' அதே ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதைப் பெற்றது. பெருநிறுவனங்கள் விலையை 70, 80 டாலர் என உயர்த்திக்கொண்டே போகும் காலத்தில், என் மனத்தில் நின்றவை இத்தகைய சிறு குழுக்களின் படைப்புகளே. அந்தப் பிரெஞ்சு விளையாட்டில், இறந்துபோனவர்களை எண்ணி இருப்பவர்கள் முன்செல்கிறார்கள். என் வயதில் அது வெறும் விளையாட்டாகத் தோன்றவில்லை.

தமிழர்களாகிய நமக்கும் இதில் இடம் கிடைத்திருக்கிறது. நான் பழைய வட்டில் ஆடிய அதே விளையாட்டின் புதிய பதிப்புக்கு 2022 ஏப்ரலில் இந்திய அரச மரபுகள் பற்றிய இணைப்பு வெளியானது. அதில் திராவிடர் என்ற பிரிவு இருக்கிறது. ஆள்களுக்குக் கட்டளையிட்டால் தமிழில் பதில் சொல்கிறார்கள். ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை நாமே நடத்திப் பார்க்கலாம். 2025 பிப்ரவரியில் வந்த 'சிவிலைசேஷன் 7', சோழரைக் கடல்வணிகப் பேரரசாகக் காட்டுகிறது. கல்வெட்டுகளில் வரும் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுக்களின் பெயர்கள் ஒரு அமெரிக்க விளையாட்டில் இடம்பெறும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. முழுமையடையாமலேயே விற்பனைக்கு வந்துவிட்டது என்று ரசிகர்கள் அதைக் குறைகூறினர். அந்தக் குறையில் உண்மை உண்டு. ஆயினும், என் பேரனுக்கு ஐநூற்றுவர் யார் என்று விளக்க அது எனக்கொரு வாய்ப்பைத் தந்தது.

பழைய வட்டில் தமிழ் பேசும் வீரர்கள் இல்லை. ஆனால், அந்த வட்டு என்னுடையது. புதிய பதிப்பில் வீரர்கள் தமிழ் பேசுகிறார்கள், அது என்னுடையதல்ல.

அணைக்கப்பட்ட விளையாட்டு

ஸ்டீம் தளத்தின் ஒப்பந்தம் தெளிவாகவே சொல்கிறது: உள்ளடக்கம் உரிமமாக அளிக்கப்படுகிறது, விற்கப்படவில்லை; கணக்கை வேறொருவருக்கு மாற்ற முடியாது. உயில் மூலம் வாரிசுக்கு அளிக்கலாமா என்று ஒரு பயனாளர் 2024-இல் கேட்டபோது, முடியாது என்று அத்தளத்தின் உதவிப் பிரிவு விடையளித்தது உலகெங்கும் செய்தியானது. வழக்கறிஞரின் கேள்விக்கு விடை அதுதான்.

ஆயுள்வரையாவது நீடிக்குமா? அதற்கும் உறுதி கிடையாது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டு 2014-இல் வெளிவந்தது. தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் வழங்கிக் கணினியுடன் இணைந்திருந்தால்தான் அது இயங்கும். 2024 மார்ச் 31 அன்று அந்த வழங்கி அணைக்கப்பட்டது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் அனைவருக்கும் அன்றோடு விளையாட்டு முடிந்தது. வட்டாக வாங்கி வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. அதே ஆண்டு தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் சந்தாப் பிரிவு அதிகாரி, விளையாட்டுகளைச் சொந்தமாக வைத்திராத நிலைக்கு மக்கள் பழகிக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பேசியிருந்தார்.

அதே 2024-இல் சோனி நிறுவனம் 'கான்கார்ட்' என்ற விளையாட்டை ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்டு, வரவேற்பில்லாததால் செப்டம்பர் 6 அன்று மூடியது. வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் திருப்பித் தரப்பட்டது. இரண்டு வாரத்தில் மூடினால் பணம் திரும்ப வருகிறது. பத்து ஆண்டு கழித்து மூடினால் ஒன்றுமில்லை. இடைப்பட்ட காலத்துக்கு விதி என்ன? எந்த விதியும் இல்லை. அவரவர் விருப்பம்தான் விதி.

'தி க்ரூ' மூடப்பட்டதைத் தொடர்ந்து 'விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள்' என்ற இயக்கம் எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மக்கள் கோரிக்கையை ஆணையம் பரிசீலிக்க 10 லட்சம் கையொப்பங்கள் வேண்டும். 2025 ஜூலையில் அந்த எண்ணிக்கை தாண்டப்பட்டது. கலிஃபோர்னியா மாநிலம் 2024-இல் இயற்றி, 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் வேறு வழியில் சென்றது. அளிப்பது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. நிரந்தரமாகத் தரவிறக்கி, இணைய இணைப்பின்றிப் பயன்படுத்தக்கூடிய பொருள்களுக்கு அச்சட்டம் விலக்களிக்கிறது. ஸ்டீம் தளம் 2024 அக்டோபரிலேயே பணம் செலுத்தும் பக்கத்தில் இக்குறிப்பைச் சேர்த்துவிட்டது.

குத்தகை தவறா?

பொருளாதார மாணவனாக நான் குத்தகையைப் பழிக்க மாட்டேன். எங்கள் வட்டாரத்தில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. அதில் ஏமாற்றம் இல்லை. ஏனெனில், அது குத்தகை என்பது எடுப்பவருக்குத் தெரியும். காலம் எவ்வளவு, தொகை எவ்வளவு என்பதும் தெரியும். அத்தொகை கிரய விலைக்குச் சமமாக இராது. மாதச் சந்தா கட்டி விளையாடும் திட்டங்களும் அப்படித்தான். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபரில் தன் உயர்நிலைச் சந்தாவை அமெரிக்காவில் மாதம் 20 டாலரிலிருந்து 30 டாலராக உயர்த்தியபோது பலர் கோபப்பட்டனர், விரும்பாதவர்கள் விலகினர். விலையும் தெரியும், காலமும் தெரியும்.

என் குறை, கிரய விலையை வாங்கிக்கொண்டு குத்தகை உரிமையைத் தருவதைப் பற்றியது. நீடித்து உழைக்கும் பொருளை உற்பத்தி செய்யும் ஏகபோக நிறுவனம், அதை விற்பதைவிட வாடகைக்கு விடவே விரும்பும் என்பதை ரொனால்டு கோஸ் 1972-இல் ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். விற்ற பொருள் சந்தையிலேயே தங்கிவிடும். பழைய பொருள் புதிய பொருளுக்குப் போட்டியாகும். வாடகைக்கு விட்டால் அந்தக் கவலை இல்லை. அமெரிக்காவின் யுனைடெட் ஷூ நிறுவனம் காலணி இயந்திரங்களை விற்காமல் குத்தகைக்கு மட்டுமே விட்டுவந்தது. 1953-இல் நீதிமன்றம் தலையிட்டு, விற்பனைக்கும் வழி செய்ய உத்தரவிட்டது. கணினி விளையாட்டுச் சந்தையில் பழைய பொருளின் போட்டி முற்றிலும் ஒழிந்துவிட்டது. பழைய புத்தகக் கடை இருக்கிறது. வாங்கிய மின்வடிவ விளையாட்டை மறுவிற்பனை செய்யக் கடை இல்லை.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு. வழங்கிகளை இயக்கச் செலவாகும். பத்துப் பேர் விளையாடும் விளையாட்டை என்றென்றும் நடத்தச் சொல்ல முடியாது. கார்ப் பந்தய விளையாட்டில் இடம்பெறும் கார்களுக்கும் பாடல்களுக்கும் பெற்ற உரிமங்கள் காலாவதியாகும். மறுவிற்பனையை அனுமதித்தால், தேய்மானமே இல்லாத பிரதி சுற்றிச் சுற்றி வந்து சிறு படைப்பாளரின் பிழைப்பைக் கெடுக்கும். இந்தக் கடைசி வாதம் வலுவானது. தரவிறக்கிய மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் ஒரு வழக்கில் கூறியது. அதைப் பின்பற்றி 2019-இல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று ஸ்டீம் பயனாளர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ஆனால், 2022-இல் மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. மறுவிற்பனையை நானும் கேட்கவில்லை.

நான் கேட்பது சிறியது. விற்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். மூடும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்பது உண்மையல்ல. போலந்து நிறுவனம் தொடங்கிய 'ஜிஓஜி' தளம் 2008 முதல், பூட்டில்லாத நிறுவல் கோப்புகளையே விற்றுவருகிறது. ஒருமுறை சேமித்துவைத்தால் தளத்தின் தயவு தேவையில்லை. நீதிமன்ற ஆணை இருந்தால் இறந்தவரின் கணக்கை வாரிசுக்கு மாற்ற முயல்வோம் என்றும் அத்தளம் 2024-இல் அறிவித்தது. என் 83 விளையாட்டுகளில் 11 அங்கு வாங்கியவை. அவற்றை ஒரு வன்தட்டில் பதிந்துவைத்திருக்கிறேன்.

நம் சட்டத்தில் இடமுண்டு

இந்தியச் சட்டம் இதில் வெறுங்கையுடன் இல்லை. மென்பொருள் பதிந்த வட்டு 'சரக்கு' என்று 2004-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆந்திரப் பிரதேச அரசுக்கும் டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்துக்கும் இடையிலான விற்பனை வரி வழக்கு அது. 2021 மார்ச்சில் வருமான வரி தொடர்பான மற்றொரு வழக்கில், இறுதிப் பயனாளருக்கு உரிம ஒப்பந்தத்தின்கீழ் மென்பொருள் பிரதி தருவது பதிப்புரிமையைத் தருவதாகாது, பொருள் விற்பனையே என்ற நிலைப்பாட்டை அதே நீதிமன்றம் எடுத்தது. அதாவது, வரி விதிக்கும் இடத்தில் அரசு விற்பனையாகப் பார்க்கும் ஒன்றை, உரிமை கேட்கும் இடத்தில் வாங்கியவர் விற்பனையாகப் பார்க்கக் கூடாதா?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற கருத்தை முதன்முறையாக நம் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையை ஒரு தரப்புக்குத் தரும் விதிகளை மாநில, தேசிய ஆணையங்களில் எதிர்க்கலாம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணைய வணிகத்தில் நுகர்வோரைத் திசைதிருப்பும் 13 வகைத் தந்திர வடிவமைப்புகளை வரையறுத்துத் தடை செய்தது. குத்தகைக்குக் கொடுப்பதை 'வாங்கு' என்று பொத்தானில் எழுதுவதை 14-ஆவதாகச் சேர்க்கப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

வெளிநாட்டு நிறுவனம் நம் சொல்லைக் கேட்குமா என்ற ஐயம் எழலாம். ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2014-இல் வால்வ் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. தாங்கள் ஆஸ்திரேலியாவில் வணிகமே செய்யவில்லை என்று அந்நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. மூன்று கோடிக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நாடு அதைச் செய்திருக்கிறது.

செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, கிரயமா, குத்தகையா என்பதை விலைக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் குறிப்பிட வேண்டும்; வழங்கி தேவைப்படும் விளையாட்டெனில் குறைந்தது எத்தனை ஆண்டுகள் இயங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது, வழங்கியை மூடும் நிறுவனம், தனியாக ஆடுவதற்கேனும் வழிசெய்யும் இறுதித் திருத்தத்தை வெளியிட வேண்டும். இயலாவிட்டால் உறுதியளித்த காலத்தில் மீதமுள்ள பகுதிக்கான தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

மூன்றாவது, வாரிசு நியமனம். வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நியமிக்கலாம் என்ற வசதி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவர் இறந்தபின் அவருடைய தரவு தொடர்பான உரிமைகளைச் செயல்படுத்த ஒருவரை நியமிக்க இடமளிக்கிறது. இறந்தவரின் தரவுக்கு வாரிசு உண்டு. அவர் பணம் கொடுத்து வாங்கியதற்கு இல்லை என்பது விசித்திரம். கணக்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒருமுறை மாறுவதால் படைப்பாளருக்கு இழப்பில்லை. அது மறுவிற்பனை அல்ல.

நூலகத்தில் ஓர் இடம்

நான்காவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1954-ஆம் ஆண்டு நூல்கள் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குச் சென்றாக வேண்டும். கணினி விளையாட்டுகளுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. பிரான்சில் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக அந்நாட்டுத் தேசிய நூலகம் விளையாட்டுகளையும் பெற்றுப் பாதுகாக்கிறது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று, அங்குள்ள விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் நடத்திய ஆய்வு கண்டறிந்தது.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். 2023 ஜூலையில் 'வெண்பா' என்ற சிறு விளையாட்டு வெளியானது. டொரண்டோவில் வாழும் தமிழர் ஒருவரின் தலைமையில் விசை கேம்ஸ் என்ற குழு உருவாக்கியது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாய், அம்மாவிடமிருந்து பெற்ற கிழிந்த சமையல் குறிப்பேட்டைக் கொண்டு இட்லியும் பிற உணவுகளும் சமைக்கிறாள். அழிந்துபோன வரிகளை ஊகித்து நாம்தான் சமையலை முடிக்க வேண்டும். மகன் மெல்ல மெல்லத் தமிழிலிருந்து விலகிச் செல்கிறான். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் அவ்விளையாட்டு, 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுகப் படைப்பாகத் தேர்வானது. அயலகத்தில் மகனுடன் தொலைபேசியில் ஆங்கிலம் கலந்தே பேசப் பழகிவிட்ட என் போன்ற பெற்றோர் அதை எளிதில் மறக்க முடியாது.

சீனாவின் 'பிளாக் மித்: வூகாங்' 2024 ஆகஸ்டில் வெளியாகி மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. ஒரு பழங்கதையை எடுத்துக்கொண்டு, ஷான்சி மாகாணத்தின் பழைய கோயில்களை அப்படியே அதில் பதிவு செய்தார்கள். அக்கோயில்களைக் காணச் சுற்றுலாக் கூட்டம் பெருகியது. மும்பையில் இத்துறைக்கென மத்திய அரசு இந்தியப் படைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தை அமைத்திருக்கிறது. நாளை தமிழகத்தில் யாரேனும் இம்மலையின் 365 படிகளையும், ஆடிக் கிருத்திகைக் காவடிகளையும் கொண்டு ஒரு விளையாட்டை உருவாக்கக்கூடும். ஓலைச்சுவடிகளை ஆற்றில் விட்டுவிட்டு, எஞ்சியவற்றைத் தேடி உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்த வரலாறு நமக்கு உண்டு. ஒரு தனியார் வழங்கியில் மட்டுமே இருக்கும் படைப்பு அணைந்துவிட்டால், தேடி அலையக்கூட ஊர் இருக்காது. இந்தியாவில் வெளியாகும் விளையாட்டுகளின் பூட்டில்லாத பிரதி ஒன்றைத் தேசிய அளவிலான நூலகங்களுக்கு அளிக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அது பொதுப் புழக்கத்துக்கு அல்ல. பாதுகாப்புக்கும் ஆய்வுக்கும் மட்டும் என்று வரையறுக்கலாம்.

என் உயிலுக்கு வருகிறேன். புத்தகங்கள் ஊர் நூலகத்துக்கு என்று எழுதிவிட்டேன். 2000-இல் வாங்கிய வட்டும் அட்டைப்பெட்டியும், 11 விளையாட்டுகள் பதிந்த வன்தட்டும் பேரனுக்கு. மீதமுள்ள 72-ஐ என்ன செய்வது என்று வழக்கறிஞர் கேட்டார். "எல்லோரும் செய்வதுபோல் கடவுச்சொல்லை ஓர் உறையில் போட்டு வைத்துவிடுங்கள் சார், யாருக்குத் தெரியப்போகிறது?" என்று அவரே வழியும் சொன்னார். நடைமுறையில் அது எளிது. ஆனால், அது ஒப்பந்த மீறல். அன்று கள்ளப் பிரதி வேண்டாம் என்று அசல் வட்டை வாங்கியவன், பேரனுக்கு விட்டுச்செல்லும் கடைசிப் பொருளை ஒளித்துக் கொடுக்க வேண்டுமா?

அந்த வரியை இன்னும் நிரப்பவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு ஒரு மனு எழுதி அனுப்பியிருக்கிறேன். விடை வரும்வரை உயிலில் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), திருத்தணி.